சிவப்புக் கொடி வைத்த கிண்ணம்

காலை ஐந்து பத்துக்கு எழுந்துவிடுவேன். அலாரம் வைப்பதில்லை. பல் தேய்த்து, முகம் மழித்து, போர்வையை நான்காக மடித்துக் கால்மாட்டில் வைப்பேன். மேல்கட்டில் போர்வை மடித்தபடியேதான் இருக்கும். பதினோரு வாரமாக அதில் யாரும் படுக்கவில்லை. இருந்தாலும் அதையும் பிரித்து ஒருமுறை மடிப்பேன். பிறகு ஐந்தாம் தளத்துக்கு ஏறிப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் என் நான்கு மேஜைகளையும் போடுவேன். இருபத்திரண்டு பேர். முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், கத்தியின் கூர் தட்டைப் பார்த்து. ஏழு மணிக்குக் கதவு திறக்கும். முதலில் வருகிறவருக்குப் பொரித்த முட்டை இரண்டு, மஞ்சள் உடையாமல்.

இன்றும் அதையெல்லாம் செய்தேன். கப்பல் பிரிட்ஜ்டவுனில் கட்டியதும் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கி இங்கே வந்தேன், இன்ஸ்பெக்டர் கிட்டன்ஸ். தேநீருக்கு நன்றி. கோப்பையின் காது இடப்பக்கம் பார்த்திருந்தது. நானே திருப்பிக்கொண்டேன், பரவாயில்லை.

என் பெயர் ஆல்பன் டெஷோங். வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் செயின்ட் வின்சென்ட். கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுக் கப்பலில் வெயிட்டராகச் சேர்ந்தேன். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். ஆய்வுக்கூடத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் யாரும் நன்றி சொல்வதில்லை.

என் மனைவி கெஸியா இறந்தது பற்றிக் கப்பல் கம்பெனி எழுதிய அறிக்கை உங்கள் மேஜையில் இருக்கிறது. அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஐந்தாம் பக்கம், மூன்றாவது பத்தி. ‘வெயிட்டர் ஒரே தட்டில் இரண்டு கிண்ணங்களை எடுத்து வந்தார். ஒன்று பரங்கிக்காய் சூப், மற்றது சிங்கி இறால் சூப். இரண்டும் ஒரே நிறம். கவனக்குறைவால் கொடி மாறிவிட்டது.’

நான் இரண்டு கிண்ணங்களை எடுத்து வரவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரியாது. எங்கள் கப்பலில் ஒரு பயணிக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால், அவருடைய தட்டில் ஒரு பல்குச்சி செருகியிருக்கும். அதன் நுனியில் நகம் அளவுக்குச் சிவப்புக் கொடி. கொடி வைத்த தட்டை வெயிட்டர் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு கையில் அது, மறு கை முதுகுக்குப் பின்னால். கூட வேறெதையும் எடுக்கக் கூடாது, ஒரு ரொட்டியைக்கூட. கொடி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இதை நான் பார்த்துவிட்டேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் அந்த விதியை மீறியதில்லை. ஆர்டரை எழுதிக்கொள்கிற பழக்கமும் எனக்கு இல்லை. இருபத்திரண்டு பேர் ஏழு இரவுகளில் என்ன சாப்பிட்டார்கள் என்று இன்று கேட்டாலும் சொல்வேன்.

கெஸியா எழுதிக்கொள்வாள். எழுதிய சீட்டைத் தொலைத்தும் விடுவாள்.

அவள் என் உதவி வெயிட்டராக வந்து சேர்ந்தாள். அவளும் செயின்ட் வின்சென்ட்தான், லயூ பக்கம். முதல் நாள் என் மேஜைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, “என்ன கேப்டன், உப்பு டப்பாவெல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது, ஸல்யூட் அடிக்கச் சொல்லலையா?” என்றாள். அன்றிலிருந்து நான் கேப்டன்தான். உண்மையான கேப்டன் கூடத்துக்கு வரும் இரவுகளில்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் திரும்பிப் பார்ப்பார்.

எட்டு மாதத்தில் கல்யாணம். கணவன் மனைவி என்பதால் இரண்டாம் தளத்தில் ஒரே அறை கொடுத்தார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. சீப்பு, அறைச் சாவி, கொண்டை ஊசி எல்லாம் அவள் கைவிட்ட இடத்தில் கிடக்கும். நான் எடுத்து அதனதன் இடத்தில் வைப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எதையாவது தேடிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். அவள் ஒருநாளும் கோபித்ததில்லை. ஜன்னலோர மேஜைக்கு வருடாவருடம் வரும் பெவர்லி அம்மா ஒருமுறை அவளிடம், உன் கணவர் வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டார்.

“வீட்லயா? செருப்பக்கூட முள்கரண்டி கத்தி மாதிரி எடது வலதுன்னு வச்சிட்டுதான் மேடம் படுப்பாரு. காலைல எந்திரிச்சா என் செருப்ப ட்ராயர்ல தேடணும்.”

மேஜை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அது உண்மைதான்.

அவளுக்கு ஓடு போட்ட கடல் பிராணி எதுவும் ஆகாது. இறால், நண்டு, சிங்கி இறால். தீவில் பிறந்து இறால் ஆகாதவள் என்று பள்ளியில் கேலி செய்வார்களாம். ஒரு துளி பட்டால் உதடு வீங்கும், கண் மூடிக்கொள்ளும், அதற்கு மேல் போனால் தொண்டை. அதற்காக அலர்ஜி ஊசி வைத்திருந்தாள், பேனா அளவில் இருக்கும், தொடையில் குத்திக்கொள்ள வேண்டும். ஒன்று எப்போதும் ஏப்ரன் பையில். இன்னொன்று அறையில், இழுப்பறையில்.

எங்கள் கப்பலில் புதன்கிழமை சிங்கி இறால் விருந்து. வியாழக்கிழமை காலை பிரிட்ஜ்டவுன். எல்லா வாரமும் அப்படித்தான். விருந்து நாளில் அவளுடைய பங்கு வேலையையும் நானே செய்வேன். சிங்கி இறால் தட்டு ஒன்றைக்கூட அவள் தொட விடமாட்டேன். நாலரை மணிக்கு, முதல் பந்திக்கு முன்னால் வெயிட்டர்களெல்லாம் சாப்பிடுவோம். நான் முதலில் அவளுக்குத்தான் பரிமாறுவேன். விளையாட்டாக அவளுடைய தட்டிலும் ஒரு சிவப்புக் கொடி செருகுவேன். ரொட்டியில், உருளைக்கிழங்கில், சில நாள் வாழைப்பழத்தில். அவள் கொடிகளைச் சேர்த்துக் கண்ணாடி விளிம்பில் ஒட்டி வைத்திருந்தாள். அவளுடைய பொருள்களில் நான் இடம் மாற்றாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவளை நான் எப்படிக் கவனித்துக்கொண்டேன் என்பது அறிக்கையில் இல்லை.

போன டிசம்பரில் அவளுக்கு இந்த ஊரில் ஒரு ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு மேற்பார்வையாளர் தேவை, நேரில் வரவும். வியாழக்கிழமைதான் வசதி. கப்பல் அன்றுதானே கட்டுகிறது. அவள் அந்தக் கடிதத்தை என் முன்னால் ஆட்டி, “கேப்டன், தரையில நிக்கிற எடத்துல வேல. நீ வச்ச உப்பு டப்பா வச்ச எடத்துலயே நிக்கும். உனக்கும் கேக்கறேன், வா” என்றாள். யோசிக்கிறேன் என்று சொன்னேன்.

உண்மையில் யோசித்தேன். லீவில் லயூவுக்குப் போயிருந்தபோது பார்த்திருக்கிறேன். அவள் அம்மா சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் கொடுப்பார். கெஸியா அதை இலைத்துண்டில் வாங்கிக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவாள். நான் ஒரு நாள் மூன்று பேருக்கும் மேஜை போட்டேன். அம்மாவும் மகளும் நின்று சிரித்தார்கள், யாரும் உட்காரவில்லை. தரையில் அவளுக்கு ஒரு வெயிட்டர் தேவையில்லை. ஹோட்டலிலும் அப்படித்தான், யார் எந்த மேஜையில் வேண்டுமானாலும் உட்காருவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் வேறு ஆள். ஏழு இரவு ஒரே மேஜைக்கு வருகிற ஆள் கப்பலில்தான் உண்டு.

முதல் புதன்கிழமை நான் செய்தது மிகச் சிறிய காரியம். சிங்கி இறால் சூப்பில் ஒரு ஸ்பூனை நனைத்து எடுத்தேன். அந்த ஸ்பூனால் அவளுடைய பரங்கிக்காய் சூப்பை ஒரு சுற்றுக் கலக்கினேன். அவ்வளவுதான். அளவு பற்றி எனக்குக் கொஞ்சம் படிப்பு இருக்கிறது. உதடு வீங்கியது. ஊசி போட்டுக்கொண்டாள். கப்பல் நர்ஸ் ஒரு நாள் படுக்கையில் இருக்க வேண்டும், கரைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பிரிட்ஜ்டவுனில் கப்பல் நின்றது. அவள் படுத்திருந்தாள். நான் வேளைக்கு வேளை கஞ்சியும் காய்ந்த ரொட்டியும் கொண்டுபோய், தலையணை வைத்து உட்கார்த்தி, மடியில் நாப்கின் விரித்து ஊட்டினேன்.

“சீக்காளியா இருந்தா உன் சர்வீஸ் இன்னும் பிரமாதமா இருக்குப்பா,” என்றாள் வீங்கிய வாயோடு. “டிப்ஸ் மட்டும் எதிர்பாக்காத.”

எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஹோட்டல்காரர்கள் நல்லவர்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த புதன்கிழமையும் அதே ஸ்பூன், அதே வீக்கம், அதே கஞ்சி. ஹோட்டல்காரர்கள் மறுபடியும் நல்லவர்களாக இருந்தார்கள். இவ்வளவு பொறுமையான முதலாளிகளை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை திட்டம் கொஞ்சம் தவறியது. உதடு தடிக்க ஆரம்பித்த உடனே அவள் ஊசி போட்டுக்கொண்டாள். ராத்திரிக்குள் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. காலையில் நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, ஒரு கண் மூடியபடியே இறங்கிப் போய்விட்டாள். மத்தியானம் படியேறி ஓடி வந்தாள்.

“ஒத்தக் கண்ணோடதான் போய் உக்காந்தேன். அந்தம்மா நான் கண்ணடிக்கறேன்னு நெனச்சுச் சிரிச்சிடுச்சு. வேல குடுத்திருச்சு கேப்டன். நாலு வாரத்துல சேரணும்.”

நான் வாழ்த்தினேன். அன்று இரவு இரண்டாம் பந்தி முடிந்ததும் அவளுக்காக இனிப்பு வாங்கி வைத்தேன், கொடியோடு.

மூன்று வாரமாக ஒரே ஆள், ஒரே நாள், ஒரே சூப் என்பதால் அடுக்களையில் விசாரணை வைத்தார்கள். சூப் அண்டாக்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் எவெலியோ. ஹோண்டுராஸ்காரர், ஐம்பது தாண்டியவர், மூன்று பெண்களின் தகப்பன். இரண்டு அண்டாவுக்கும் ஒரே கரண்டியைப் போட்டிருப்பார் என்று முடிவு செய்து அடுத்த துறைமுகத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறை வாசலுக்கு வந்தார்.

“நான் கரண்டிய மாத்திப் போடல பொண்ணு. பதினாறு வருஷமா போட்டதில்ல. ஆனா உனக்கு வீங்குனது நெசம்தானே. அப்ப எங்கயோ எனக்குத்தான் கண் தப்பியிருக்கு. மனசுல வச்சுக்காத.”

கெஸியா அழுதுவிட்டாள். நான் விமானத்துக்கு அவருக்கு நான்கு சீஸ் சான்ட்விச் கட்டிக் கொடுத்தேன். எண்ணெய்க் காகிதத்தில், ஓரம் பிரியாமல். செய்யாத தப்பை ஒருவர் தன் தப்பு என்று ஏற்றுக்கொள்வது எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. பதினோரு வாரமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவர் மாதிரி என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு கெஸியா அடுக்களையை நம்பவில்லை. நான் கொடி வைத்துக் கொண்டுவந்ததை மட்டும்தான் சாப்பிட்டாள். அந்த நாலு வாரம் வேறு யார் கையாலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஹெட் வெயிட்டர் எங்களைப் பார்த்து, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று கிண்டல் செய்தார். இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு நாள் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். “இப்படியேவா? எனக்கு ஈரப்பலா சாப்பிடணும்ப்பா, கையால, நின்னுக்கிட்டு” என்றாள்.

அந்த நாலு வாரத்தின் கடைசிப் புதன்கிழமை. மறுநாள் காலை அவள் பெட்டியோடு இறங்க வேண்டும். பெட்டியை நான்தான் அடுக்கினேன். துணி இடப்பக்கம், காலணி வலப்பக்கம்.

நாலரை மணி. மேற்குப் பக்க ஜன்னல்களில் வெயில். கூடத்தில் எழுபது வெயிட்டர்கள் மேஜைகளுக்கு நடுவே உட்கார்ந்தும் நின்றும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கெஸியா பெவர்லி அம்மாவின் ஜன்னலோர மேஜையில், பயணி மாதிரி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள், இன்றைக்கு நான் விருந்தாளி என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் அவளுடைய நாற்காலியை மேஜைப் பக்கம் நகர்த்தி, மடியில் நாப்கின் விரித்து, சாப்பாட்டு அட்டையை நீட்டினேன். அவள் மிடுக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு, “சூப் என்ன சூப், தம்பி?” என்றாள். பக்கத்து மேஜைகள் சிரித்தன. பரங்கிக்காய், அம்மா, என்றேன்.

அடுக்களைக்குப் போனேன். ஒரு கிண்ணம் எடுத்தேன். பரங்கிக்காய் சூப் முக்கால் அளவு ஊற்றினேன். மீதி எதுவோ அதை ஊற்றினேன். மூன்றாவது முறை போல ஒரு ராத்திரியில் வடிந்துவிடக் கூடாது என்பதால்தான் அளவு கூட்டினேன். இஞ்சியும் மிளகும் தூக்கலாகப் போட்டேன், வாசனை தெரியாது. ஓரத்தில் ஒரு ரொட்டித் துண்டு, அதில் கொடி. வலது கையில் அந்த ஒரு கிண்ணம். இடது கை முதுகுக்குப் பின்னால். அடுக்களைக் கதவிலிருந்து ஜன்னலோர மேஜைவரை நாற்பத்தாறு அடி. வழியில் எழுபது பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட விசாரணையில் இதைச் சொல்லவில்லை. நான் இரண்டு கிண்ணம் எடுத்து வந்திருப்பேன் என்று அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஹெட் வெயிட்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “யாருக்கும் நடக்கும் தம்பி, ஒரே கலர், யாருக்கும் நடக்கும்” என்று ஏழெட்டுத் தடவை சொன்னார். இரவுப் பந்திகளிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லையாம், ஓய்வாம். இப்போது புதிதாக வரும் வெயிட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, கொடி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு என் பெயரைச் சொல்கிறார்கள். போன வாரம் அந்த வகுப்பு நடந்த அறையைத் தாண்டிப் போனேன். கதவு திறந்திருந்தது. நான் நின்று கேட்டேன். அதன் பிறகுதான் இங்கே வருவது என்று முடிவு செய்தேன்.

என் கொடி மாறவில்லை, இன்ஸ்பெக்டர். அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் எந்தக் கிண்ணத்தில் வைக்க நினைத்தேனோ அந்தக் கிண்ணத்தில்தான் வைத்தேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டு மூன்று நாள் படுக்கையில் இருந்தால் போதும், கப்பல் பிரிட்ஜ்டவுனைத் தாண்டிவிடும், ஹோட்டல்காரர்களின் பொறுமையும் ஒருநாள் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. நான் அவளுக்குக் கஞ்சி வைப்பதற்கு அரிசியைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

ஊசி பற்றிக் கேட்கிறீர்கள். அறிக்கையில் அது சரியாகவே இருக்கிறது. ‘இறந்தவர் அன்று ஊசியைத் தன்னுடன் வைத்திருக்கவில்லை.’ இரண்டும் அறை இழுப்பறையில் இருந்தன, பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீளமாக. அவள் ஞாபகமறதிக்காரி, எல்லோருக்கும் தெரியும். பெட்டி அடுக்கிய பரபரப்பு வேறு. ஏப்ரனை நான்தான் காலையில் இஸ்திரி போட்டு வைத்தேன். பையில் ஏதாவது இருந்தால் துணி புடைக்கும்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்றும் கேட்டீர்கள். இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, “சூப் நல்லா இருக்கு” என்றாள். லயூவில் அடக்கத்தின்போது பாதிரியார் அதை மேடையில் சொன்னார். கணவன் கையால் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள், இதைவிட என்ன வேண்டும் என்றார். அவள் அம்மா அதை நினைவு நாளுக்கு அச்சிட்ட தாளில் போடச் சொன்னார். பெவர்லி அம்மா அமெரிக்காவிலிருந்து எனக்குக் கடிதம் எழுதினார், அந்த ஒரு வரியைப் படித்து அழுதாராம். பதினோரு வாரமாக நானும் அதையே சொல்லிக்கொண்டு தூங்குகிறேன். பொய் இல்லை. அவள் அதைச் சொன்னாள்.

ஆனால் கடைசியாகச் சொன்னது அது இல்லை.

நீங்கள் பேனாவின் மூடியைத் திருகி வைத்துவிட்டீர்கள். தயவுசெய்து எடுங்கள், ஒரே ஒரு வரிதான்.

ஐந்தாவது ஸ்பூனில் கையை நிறுத்தினாள். தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஏப்ரனின் வலது பையில் கையை விட்டாள். இடது பையில் விட்டாள். மறுபடி வலது பை. அவசரப்படவில்லை. சீப்புக்கும் சாவிக்கும் தேடுகிற அதே தேடல்தான். நான் அவளுக்குப் பின்னால், வெயிட்டர் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு கை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றுகொண்டிருந்தேன். அறை மூன்று தளம் கீழே. ஓடினால் இரண்டு நிமிடம். அவள் தலையைத் திருப்பி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். உதடு ஒருபக்கம் தடித்திருந்தது. மறுபக்கம் சிரித்தது. எப்போதும் போல நான் எடுத்து எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பேன், கேட்டால் உடனே சொல்லிவிடுவேன் என்கிற சிரிப்பு. அவள் கேட்டாள். நான் கிண்ணத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்துத் தட்டின் வலப்பக்கம் நேராக வைத்தேன்.

“என் ஊசிய எங்கப்பா எடுத்து வச்ச, கேப்டன்?”